சிறார் குற்றங்களில் மறுசீரமைப்பு நீதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18 வயது நிறையாத பிள்ளை ஒரு குற்றத்தில் சிக்கியதும் பெற்றோர், ஆசிரியர், பாதிக்கப்பட்டவர், வக்கீல், இந்த வேலைக்குப் புதிதாக வரும் தன்னார்வலர் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் வழக்குக்குரிய விவரத்தை வக்கீலிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1. மறுசீரமைப்பு நீதின்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

வழக்கமான நீதிமன்றம் எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், அதற்கு என்ன தண்டனை என்று பார்க்கும். மறுசீரமைப்பு நீதியில் கேள்விகள் வேறு: யாருக்கு என்ன பாதிப்பு, அவருக்கு இப்போது என்ன தேவை, அதைச் செய்து கொடுக்க வேண்டியவர் யார்? பாதிக்கப்பட்டவரும் தவறு செய்த பிள்ளையும் இரு தரப்புக் குடும்பத்தாரும், பயிற்சி பெற்ற ஓர் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில் உட்கார்ந்து பேசி இவற்றுக்கு விடை காண்கிறார்கள்.

1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை நீதிபதி ஏற்றுக்கொள்ள, இருவரும் பாதிக்கப்பட்டவர்களின் கதவைத் தட்டி, நேரில் பேசி, இழப்பை ஈடுசெய்தார்கள். இன்று பல நாடுகளில் இருக்கும் திட்டங்களுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது இந்த வழக்குதான்.

2. அப்போ தப்பு பண்ணினவனை மன்னிச்சு அனுப்புறதுக்குப் பேருதானா இது?

இல்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் பாதிக்கப்பட்டவரின் சொந்த விஷயம். "மன்னித்துவிடுங்கள்" என்று சந்திப்பில் எவரும் அவரை நெருக்கக் கூடாது. மன்னிக்காமலேயே எழுந்து போனாலும் சந்திப்பு பயனுள்ளதாக முடிந்திருக்கலாம்.

பிள்ளைக்கும் இது சுலபமான வழி கிடையாது. நீதிமன்றத்தில் வக்கீல் பேசுவார், பிள்ளை தலைகுனிந்து நின்றால் போதும். இங்கே என்ன செய்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதைக் கேட்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் ஏதாவது செய்து ஈடுகட்ட வேண்டும்.

3. பெரியவங்களுக்கும் இதைச் செய்யலாமே, பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தம்?

பெரியவர்களுக்கும் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் நாடுகள் கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கின்றன. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவு, பொருத்தமான இடங்களில் நீதிமன்ற நடவடிக்கை இல்லாமலேயே சிறாரைக் கையாளும் வழிகள் வேண்டும் என்கிறது; அவர்களுடைய உரிமைகளும் சட்டப் பாதுகாப்பும் அதில் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. பின்விளைவை எடைபோடும் திறனும் அவசரத்தை அடக்கும் திறனும் வளர்ந்து முடியாத வயது அது. அந்த வயதில் விழும் "குற்றவாளி" என்ற முத்திரை பள்ளியையும் நல்ல சேர்க்கையையும் பறித்துவிட்டால், மீதி இருப்பது அதே தவறைச் செய்யும் கூட்டம்தான்.

4. அந்தக் கூட்டத்துல யாரெல்லாம் உட்காருவாங்க? நீதிபதி வருவாரா?

நீதிபதி வரமாட்டார். மிகச் சிறிய வடிவத்தில் பாதிக்கப்பட்டவர், பிள்ளை, பிள்ளையின் பெற்றோரில் ஒருவர், ஒருங்கிணைப்பாளர் என்று நான்கு பேர். குடும்பக் குழு சந்திப்பு என்ற பெரிய வடிவத்தில் இரு தரப்பு உறவினர்கள், சிறாரின் வக்கீல், காவல்துறை அலுவலர், தேவைப்பட்டால் சமூகப் பணியாளர் ஆகியோரும் இருப்பார்கள்.

எண்ணிக்கையைவிட யார் என்பதுதான் முக்கியம். பிள்ளை உண்மையிலேயே மதிக்கும் ஒருவர் வந்தாக வேண்டும். அது மாமாவாக இருக்கலாம், விளையாட்டுப் பயிற்சியாளராக இருக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கும் துணைக்கு ஒருவராவது வேண்டும். பிள்ளையின் பக்கம் ஏழு பேர், பாதிக்கப்பட்டவர் தனியாள் என்று உட்கார வைத்தால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

5. படிப்படியா எப்படி நடக்கும்?

முதலில், விசாரிக்கப் போதுமான ஆதாரம் உள்ள வழக்கா, பிள்ளை பொறுப்பை ஏற்கிறதா என்று பார்க்கப்படும். அடுத்தது தயாரிப்பு. ஒருங்கிணைப்பாளர் பிள்ளையையும் பாதிக்கப்பட்டவரையும் தனித்தனியாகச் சந்திப்பார். ஒருமுறை போதாது, குறைந்தது இரண்டு சந்திப்புகளாவது ஒதுக்குங்கள். என்ன நடந்தது, என்ன பயம், எதிர்பக்கத்திடம் என்ன கேட்க ஆசை, எந்தப் பேச்சு காயப்படுத்தும் என்பதெல்லாம் இங்கேதான் தெரியவரும். நாளும் இடமும் பாதிக்கப்பட்டவருக்கு வசதியாக அமைய வேண்டும். எங்கள் தீர்மானமான கருத்து: கெட்டுப்போகும் சந்திப்புகளில் பெரும்பாலானவை இந்தத் தயாரிப்பில்தான் கெடுகின்றன. தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசி "செவ்வாய்க்கிழமை வந்துவிடுங்கள்" என்று சொல்வது தயாரிப்பு ஆகாது.

சந்திப்பு நாளில் நடுவில் மேசை இல்லாமல் வட்டமாக நாற்காலி போடுவது வழக்கம். இரு தரப்பும் வாசலில் மோதிக்கொள்ளாதபடி கால் மணி நேர இடைவெளியில் வரச் சொல்லுங்கள்; காத்திருக்க தனி அறை வேண்டும். பெரும்பாலும் பிள்ளை முதலில் பேசும்: என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், பிறகு என்ன நினைத்தாய், யாருக்கெல்லாம் பாதிப்பு? "ஏன் செய்தாய்" என்ற கேள்வியைத் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பிள்ளைகளிடமிருந்து "தெரியலை" என்ற பதிலோ சாக்கோதான் வரும். அடுத்துப் பாதிக்கப்பட்டவர், அவருடைய துணை, கடைசியாகப் பிள்ளையின் குடும்பம். தான் முதலில் பேச வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் விரும்பினால் வரிசையை மாற்றலாம்.

பிறகு ஈடுகட்டுவது பற்றிய பேச்சு. நியூசிலாந்து முறையில், திட்டம் யோசிக்கப் பிள்ளையின் குடும்பத்துக்கு மற்றவர்கள் இல்லாமல் தனியாகப் பேசும் நேரம் தரப்படுகிறது. எங்கும் பின்பற்றத் தகுந்த பழக்கம் இது. அலுவலர்கள் முன்னால் வாய் மூடியிருக்கும் பாட்டியோ அண்ணனோ அந்த நேரத்தில்தான் நடக்கக்கூடிய யோசனையைச் சொல்வார்கள். முடிவில் உடன்பாட்டை எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மொத்தத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

6. "நான் செய்யவே இல்லை"ன்னு பையன் சொல்றான். அப்பவும் கூட்டம் போடலாமா?

கூடாது. செய்தானா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வேலை நீதிமன்றத்துடையது. மறுக்கும் பிள்ளையைச் சந்திப்புக்கு அழைத்தால் அது விசாரணையாக மாறும், பாதிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல் உணர்வார். "ஒத்துக்கொண்டால் வழக்கு இல்லாமல் முடித்துவிடலாம்" என்று ஆசைகாட்டிப் பெறும் சம்மதம் இன்னும் ஆபத்தானது. செய்யாத பிள்ளைகூடப் பயத்தில் தலையாட்டும்.

ஆனால் "நான் தள்ளினேன், அடிக்கவில்லை" என்பதுபோல் அடிப்படையை ஏற்று விவரத்தில் வேறுபட்டால் சந்திப்பு சாத்தியம். எந்த அளவு வேறுபாடு என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே சொல்லி, அதற்குப் பிறகும் வர விரும்புகிறாரா என்று கேட்க வேண்டும்.

7. இது எங்கேயாவது சட்டமா இருக்கா, இல்ல வெறும் நல்லெண்ண முயற்சியா?

பல நாடுகளில் சட்டம்தான். நியூசிலாந்து 1989-லேயே குடும்பக் குழு சந்திப்பைச் சிறார் நீதியின் மையமாக வைத்தது. வட அயர்லாந்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு வழக்குத் தொடுப்புத் துறையும் வழக்கை இத்தகைய சந்திப்புக்கு அனுப்பலாம், நீதிமன்றமும் அனுப்பும். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் குடும்பக் குழு சந்திப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தோனேசியாவின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், 7 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைப் பிள்ளை முதன்முறை செய்திருந்தால், வழக்குக்கு வெளியே தீர்க்க முயல்வதைக் கட்டாயமாக்குகிறது.

இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கை இல்லாத வழிகளை ஊக்குவிப்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக 3-ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. குழு ஆலோசனை, மேற்பார்வையில் சமூகப் பணி போன்ற உத்தரவுகளுக்கு 18-ஆவது பிரிவில் இடம் உண்டு.

8. பாதிக்கப்பட்டது நான். அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை. நான் வந்துதான் ஆகணுமா?

வேண்டாம். வரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் மனம் மாறினாலும் சரிதான்.

நேரில் வராமல் கலந்துகொள்ளவும் வழிகள் உண்டு. கடிதம் எழுதலாம், அதை வேறொருவர் வாசிப்பார். குரல் பதிவு தரலாம். உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பலாம். ஒருங்கிணைப்பாளர் இரு பக்கமும் மாறி மாறிப் போய்ச் செய்தி கொண்டுவரும் முறையும் உண்டு. முகம் பார்க்க வேண்டியதில்லை. "என் வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தான், மறுபடி வருவானா" என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு இந்த முறையே போதுமானது. பிள்ளையைத் திருத்துவது உங்கள் கடமை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இந்த முறையில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது, பாதிக்கப்பட்டவரைப் பிள்ளையின் சீர்திருத்தத்துக்கான கருவியாக்கும் பழக்கம்தான்.

9. பையன் வாயே திறக்கலைன்னா? திமிரா உட்கார்ந்திருக்கான்னு தோணுது.

பெரும்பாலும் அது திமிர் அல்ல. சட்டச் சிக்கலில் மாட்டும் பிள்ளைகளிடம் பேச்சு, மொழித் திறன் குறைபாடு சாதாரணப் பிள்ளைகளைவிட அதிகம் காணப்படுகிறது. நீண்ட கேள்வி புரியாது, நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது, உணர்வுக்குச் சொல் கிடைக்காது. அதனால் தோளைக் குலுக்கும், தரையைப் பார்க்கும். பார்ப்பவருக்கு வருத்தமே இல்லாதவன்போல் தெரியும், பாதிக்கப்பட்டவரின் காயம் இரட்டிப்பாகும்.

தயாரிப்பிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள், பதிலுக்குப் பத்து விநாடியாவது காத்திருங்கள். தடுமாறினால் படம் வரைந்து சொல்லலாம், குறிப்பு எழுதி வைத்துப் பார்த்துப் பேசலாம். பாதிக்கப்பட்டவரிடமும் "இவன் பேசத் தடுமாறுவான்" என்று, குடும்பத்தின் அனுமதியோடு, முன்பே சொல்லிவையுங்கள். எதைச் செய்தாலும், பிள்ளை சொல்ல வேண்டியதைப் பெற்றோர் சொல்லிவிடக் கூடாது.

10. மன்னிப்புக் கடிதம் எழுத வச்சுட்டா போதும்தானே?

கட்டாயத்தில் வரும் மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும் கடிதம் எந்தக் கடிதமும் இல்லாததைவிட மோசம். மன்னிப்பை உடன்பாட்டின் நிபந்தனையாக முன்கூட்டி எழுதிவைக்காதீர்கள். பாதிப்பைக் காதால் கேட்ட பிறகு தானாக வருவதற்கு இடம் விடுங்கள்.

எழுதுவதென்றால் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: நான் செய்தது இது, அதனால் உங்களுக்கு ஆனது இது, இனி நான் செய்யப்போவது இது. "ஆனால்" என்ற சொல் வரும் இடத்தில் கடிதம் சாக்காக மாறத் தொடங்குகிறது. அனுப்பும் முன் ஒருங்கிணைப்பாளர் வாசித்து, பெற்றுக்கொள்ள விருப்பமா என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்க வேண்டும்.

11. உடன்பாட்டுல என்னென்ன எழுதலாம்?

உடைத்ததைச் சரிசெய்வது, பணமாக ஈடு, பாதிக்கப்பட்டவர் விரும்பும் இடத்தில் சில மணி நேர உழைப்பு, சிகிச்சை அல்லது ஆலோசனை, பள்ளிக்குத் திரும்புவது, குறிப்பிட்ட இடத்துக்குப் போகாமலிருப்பது. ஒவ்வொரு வரியிலும் யார், எதை, எத்தனை முறை, எந்தத் தேதிக்குள், யார் சரிபார்ப்பது என்று இருக்க வேண்டும். "ஒழுங்காக நடந்துகொள்வான்" என்பது சரிபார்க்க முடியாத வரி. "நான்கு சனிக்கிழமைகள், காலை இரண்டு மணி நேரம், சுவருக்கு வண்ணம் பூசுவான், சித்தப்பா உடன் வருவார்" என்பது சரிபார்க்கக்கூடியது.

அளவு மீறக் கூடாது. அதே குற்றத்துக்கு நீதிமன்றம் விதித்திருக்கக்கூடியதைவிடக் கடுமையான உடன்பாடு நியாயமற்றது. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தும் வேலை, அட்டையைக் கழுத்தில் மாட்டி நிற்பது போன்றவை கூடவே கூடாது, பிள்ளையே சம்மதித்தாலும்.

12. பணத்தை நாங்களே கட்டிடுறோம். அதோட முடிச்சுக்கலாமா?

பாதிக்கப்பட்டவருக்குப் பணம் அவசரமென்றால் பெற்றோர் முதலில் கட்டுவதில் தவறில்லை. அதோடு நிறுத்தினால் பிள்ளை செய்ய வேண்டியது எதுவும் மிஞ்சாது. கட்டிய தொகையில் ஒரு சிறு பகுதியையாவது பிள்ளை தன் உழைப்பாலோ கைச்செலவுப் பணத்தாலோ உங்களுக்குத் திருப்பித் தரும்படி உடன்பாட்டில் எழுதுங்கள். வசதியில்லாத குடும்பமென்றால் பணத்தைக் குறைத்து உழைப்பைக் கூட்டலாம். முடியாத தொகைக்குக் கையெழுத்திட்டு இரண்டாம் மாதமே தவறினால் இரு தரப்புக்கும் அது புதுக் காயம்.

13. நாலு பசங்க சேர்ந்து செஞ்சாங்க. எல்லாரையும் ஒண்ணா உட்கார வைக்கலாமா?

தயாரிப்பு கட்டாயம் தனித்தனியாக. ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும், பழியைப் பேசாமலிருப்பவன் தலையில் போடுவதும் நடக்கும். நான்கு முறை அதே கதையைச் சொல்லப் பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. எனவே ஒரே சந்திப்பா, தனித்தனியா என்று அவரே முடிவுசெய்யட்டும். எப்படி நடந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பங்குக்கேற்ற தனி உடன்பாடு வேண்டும்.

14. பாதிக்கப்பட்டதும் ஒரு குழந்தைதான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

நேர்முகச் சந்திப்புக்கு முன் பாதுகாப்பு ஏற்பாடு: யார் எந்த வழியில் வகுப்புக்குப் போவது, இடைவேளையில் எங்கே இருப்பது, தொல்லை தொடர்ந்தால் யாரிடம் சொல்வது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் சம்மதத்தைப் பெற்றோர் இல்லாமல் தனியாகவும் ஒருமுறை கேளுங்கள். "ஆசிரியர் சொன்னார், அதனால் வந்தேன்" என்றால் அது சம்மதமில்லை. தொடர் கேலி, மிரட்டல் வழக்குகளில் இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்து "கைகுலுக்குங்கள்" என்பது, வலியவனுக்கு இன்னொரு வாய்ப்பு தருவதாகவே முடியும். 8-ஆம் கேள்வியில் சொன்ன மாறி மாறிப் பேசும் முறையில் தொடங்குங்கள்.

15. பாலியல் குற்றம், வீட்டுக்குள்ள நடக்கிற வன்முறை, இதுக்கெல்லாமும் உண்டா?

இதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சில நாடுகளின் சட்டம் தடுக்கிறது, சில நாடுகள் நீதிமன்ற நடவடிக்கையோடு சேர்த்து அனுமதிக்கின்றன. எங்கள் பார்வையில், தனிப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர், பிள்ளைக்கான சிகிச்சை, பாதிக்கப்பட்டவருக்குத் தனி ஆலோசகர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. கேட்பது பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். குடும்ப மானத்துக்காக உறவினர்கள் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று வந்தால் மறுத்துவிடுங்கள். புகார் அளிப்பது சட்டப்படி கட்டாயமான இடங்களில் எந்தச் சந்திப்பும் அந்தக் கடமையை நீக்காது.

16. பெரியவங்க நாலு பேர் கூடி சமரசம் பண்ணி வைக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

வெளித்தோற்றத்தில் ஒற்றுமை இருக்கும். சமரசக் கூட்டத்தில் பெரும்பாலும் தீர்ப்பைச் சொல்வது செல்வாக்குள்ளவர், பேரம் நடப்பது குடும்பங்களுக்கு இடையே. அடிபட்ட பெண்ணோ தவறு செய்த பிள்ளையோ பேசாமலே முடிந்துவிடும். விருப்பமில்லாதவர் வெளியேறவும் வழியில்லை. மறுசீரமைப்புச் சந்திப்பில் ஒருங்கிணைப்பாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, எவரும் எந்த நேரத்திலும் விலகலாம், முடிவு எழுத்தில் இருக்கும், வழக்கை அனுப்பிய அதிகாரி அதைச் சரிபார்ப்பார்.

17. அங்கே ஒத்துக்கிட்டதை நாளைக்கு கோர்ட்டுல எடுத்துப் போட்டா? வக்கீல் வேணுமா?

ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் 2002-இல் ஏற்ற அடிப்படைக் கொள்கைகள் இதில் தெளிவு. சந்திப்பில் கலந்துகொண்டதையே குற்ற ஒப்புதலுக்கு ஆதாரமாகப் பிந்தைய வழக்கில் காட்டக் கூடாது. பொதுவில் நடக்காத பேச்சு இரகசியமாக இருக்க வேண்டும். உடன்பாடு எட்டவில்லை என்பதையும் பிள்ளைக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் இவை வழிகாட்டும் கொள்கைகள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் எந்த அளவுக்கு இறங்கியிருக்கின்றன என்பதைத்தான் வக்கீலிடம் கேட்க வேண்டும்.

அதனால் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே வக்கீல் தேவை. சந்திப்பில் அவர் உட்காரலாம், பிள்ளைக்காகக் கதையைச் சொல்லக் கூடாது. சந்திப்பில் புதிய குற்றமோ, யாருக்காவது உடனடி ஆபத்தோ தெரியவந்தால் இரகசியம் பொருந்தாமல் போகலாம் என்பதை ஒருங்கிணைப்பாளர் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.

18. உடன்பாட்டுல சொன்னதைச் செய்யலைன்னா நேரா சிறைதானா?

முதலில் காரணத்தைப் பாருங்கள். சரிபார்க்கும் பொறுப்பை ஏற்ற பெரியவர் கைவிட்டிருப்பார், பேருந்துக்குப் பணம் இருந்திருக்காது, பணி நேரம் தேர்வோடு மோதியிருக்கும். இரண்டாம் வாரத்திலேயே ஒருமுறை விசாரித்தால் இதில் பாதியைச் சரிசெய்துவிடலாம், தேதியை மாற்றி எழுதலாம். வேண்டுமென்றே மீறினால் வழக்கு அனுப்பிய இடத்துக்கே திரும்பும். 17-ஆம் கேள்வியில் குறிப்பிட்ட ஐ.நா. கொள்கைகளின்படி, நீதிமன்ற உத்தரவாக இல்லாத உடன்பாட்டை மீறியதை வைத்து மட்டும் தண்டனையைக் கூட்டக் கூடாது. எந்த முடிவானாலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் போக வேண்டும். நிறைவேறியதையும் நிறைவேறாததையும் அவருக்குச் சொல்லாமல் விடுவது மிகவும் பரவலான குறை.

19. உண்மையைச் சொல்லுங்க, இதனால குற்றம் குறையுதா?

சில இடங்களில் குறைகிறது, ஆதாரம் கலவையானது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடுவது தொகுப்பாய்வு. 2013-இல் அப்படி வெளியான, கேம்பெல் கூட்டமைப்பு என்ற சர்வதேச ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு, பெரியவர்களையும் சேர்த்துப் பத்து சோதனைகளை ஆராய்ந்து, மீண்டும் குற்றம் செய்வது மிதமான அளவில் குறைவதாகக் கண்டது. அதே ஆண்டு இளம் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்ட, காக்ரேன் என்ற இன்னொரு ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வில் தகுதியான சோதனைகள் நான்கே தேறின. குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் மனநிறைவு பற்றிய முடிவுகள் இதைவிட உறுதியானவை. "இது மறுகுற்றத்தை ஒழிக்கும்" என்று வாக்குறுதி தரும் திட்டத்தை நம்பாதீர்கள்.

20. அப்போ சின்னச் சின்ன சேட்டைக்கும் இதையே வச்சா நல்லதுதானே?

இல்லை. முன்பு ஒரு கண்டிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை, "நல்ல திட்டம் இருக்கிறதே" என்று பதிவேட்டில் ஏற்றிச் சந்திப்பு, உடன்பாடு, கண்காணிப்பு என்று இழுத்தால் வலை அகலமாகிறது. அதற்குள் ஒரு தவறு நடந்தால் பிள்ளை முன்னைவிடப் பெரிய சிக்கலில் நிற்கும். எச்சரிக்கை போதுமான இடத்தில் எச்சரிக்கையே போதும். தெளிவான பாதிப்பும், அதைப் பற்றிப் பேச விரும்பும் ஒருவரும் இருக்கும் வழக்குகளுக்கு ஒருங்கிணைப்பாளரின் நேரத்தைச் சேர்த்து வையுங்கள்.

21. கூட்டம் கையை மீறிப் போகுதுன்னா நடுவுல நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டும். பிள்ளை சொன்னதை மாற்றி முழுவதும் மறுத்தால் (6-ஆம் கேள்வி), யாராவது மிரட்டினால், பெரியவர்கள் சேர்ந்து பிள்ளையைத் திட்டித் தீர்த்தால், பாதிக்கப்பட்டவர் நடுங்கினால் நிறுத்துங்கள். கோபமும் அழுகையும் மட்டும் நிறுத்தக் காரணமல்ல. அவற்றுக்கு இடம் தரத்தான் சந்திப்பு. முதலில் பத்து நிமிட இடைவேளை விட்டு, இரு தரப்பையும் தனி அறையில் பாருங்கள், தொடர விருப்பமா என்று பாதிக்கப்பட்டவரிடம் கேளுங்கள். முடித்துக்கொள்வதென்றால் பாதிக்கப்பட்டவரை முதலில் பத்திரமாக அனுப்பிவிட்டுப் பிறகு மற்றவர்களை அனுப்புங்கள். அன்று மாலையே இரு வீட்டுக்கும் பேசுங்கள். அனுப்பிய அதிகாரிக்கு "சந்திப்பு நிறைவடையவில்லை" என்று மட்டும் எழுதினால் போதும். உள்ளே யார் என்ன சொன்னார் என்பது அந்தக் கடிதத்தில் வரக் கூடாது.